நாவின் பிழையும் நகைப்பும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

பாபிலோனிய தல்மூதின் ‘ஏருவின்’ என்னும் பகுதியில் ஒரு கலிலேயனைப் பற்றிய சிறு வேடிக்கை பதிவாகியுள்ளது. அவன் ‘அமர் யாரிடம் உண்டு?’ என்று கேட்டுக்கொண்டு வருகிறான். அதைக் கேட்டவர்கள், ‘மூடக் கலிலேயனே, ஏறிச் செல்வதற்குக் கழுதையா, குடிப்பதற்குத் திராட்சரசமா, உடுப்பதற்குக் கம்பளியா, அறுப்பதற்கு ஆட்டுக்குட்டியா, எதைக் கேட்கிறாய்?’ என்று அவனைப் பரிகசிக்கின்றனர். அரமேய மொழியில் இந்நான்கு பொருள்களின் பெயர்களும் தொண்டையில் எழும் ஒலிகளிலும் உயிரொலிகளிலும் உள்ள சிறு வேறுபாட்டினாலேயே பிரித்தறியப்படுவன. கலிலேயர் நாவில் அவ்வேறுபாடு மழுங்கிப்போயிருந்தது. வாழையையும் வாளையையும் ஒன்றுபோலச் சொல்லி, சந்தையில் பழம் கேட்டானா மீன் கேட்டானா என்று விளங்காமற்செய்யும் ஒருவனை நாம் எண்ணிக்கொண்டால் இந்நகைச்சுவை எளிதில் புலப்படும்.

யூதேயர் கலிலேயரின் பேச்சைக் கேட்டுச் சிரித்தனர் என்பதற்கு இது ஒரு சான்று. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய பேச்சே என மத்தேயு கூறுகிறார். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னும் பழங்காலத்தில், யோர்தானின் துறையிலே ‘ஷிபோலேத்’ என்பதை ‘சிபோலேத்’ என்று சொன்னவர்கள் கொல்லப்பட்டார்கள். அக்காலத்தில் எப்பிராயீமில் விழுந்தவர் 42,000 பேர் என நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரம் கணக்குக் கூறுகிறது. நாவின் பிழை ஓரிடத்தில் நகைப்பாகவும் மற்றோரிடத்தில் உயிர்க்கேடாகவும் முடிவதற்குக் காரணம் பிழையின் அளவு அன்று. கேட்பவன் யார், பேசுபவன் யார், இருவருள் எவனுடைய கையில் வாள் இருக்கிறது என்பனவே காரணம். நம்முடைய ஆண்டவரும் பரிகசிக்கப்பட்ட அந்தக் கலிலேயப் பேச்சின் நடுவே வளர்ந்தவர் என்பதை மறவாமல், நமது திருச்சபை வரலாற்றிலுள்ள சில மொழிப்பிழைகளை இக்கட்டுரையில் நோக்குவோம்.

தமிழ்த் திருச்சபையின் வரலாறு, ஒருவகையில், பிறமொழியாளர் நம் மொழியில் தடுமாறிய வரலாறுமாகும். அத்தடுமாற்றத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று முத்துக்குளித்துறையிலிருந்து கிடைக்கிறது. பிரான்சிஸ் சேவியர் 1542இல் அக்கடற்கரைக்கு வந்தார். தம் தாய்மொழி பாஸ்க் என்றும், அம்மக்களின் மொழி மலபார் என்றும், ஆதலால் அவர்கள் பேச்சு தமக்கும் தம் பேச்சு அவர்களுக்கும் விளங்கவில்லை என்றும் 1544 ஜனவரியில் ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் அவர் கூறுகிறார். ‘மலபார்’ என அக்கால ஐரோப்பியர் குறித்தது இங்கே நம் தமிழையே. இருமொழியும் தெரிந்த சிலரைக் கூட்டி, பல நாள் உழைத்து, விசுவாசப்பிரமாணத்தையும் பிற ஜெபங்களையும் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருக்களில் சென்று சிறுவருக்கும் பெரியோருக்கும் கற்பித்தார்.

அதே 1544ஆம் ஆண்டில், உடன் ஊழியரான பிரான்சிஸ்கோ மான்சிலியாசுக்கு அவர் எழுதிய கடிதமொன்றில் ஒரு திருத்தம் காணப்படுகிறது. விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லும்போது ‘வேணும்’ என்று சொல்லவேண்டாம், ‘விசுவாசம்’ என்னும் பொருள்தரும் சொல்லையே சொல்லவேண்டும் என அறிவுறுத்துகிறார். முன்னது ‘விரும்புகிறேன்’ எனப் பொருள்படும், பின்னதே ‘நம்புகிறேன்’ எனப் பொருள்படும் என்று விளக்கமும் தருகிறார். அதாவது, திருத்தம் வரும்வரையில் கடற்கரை மக்கள் தேவனை விசுவசிப்பதாக அறிக்கையிடாமல், ‘எனக்கு வேணும்’ என்றே அறிக்கையிட்டு வந்தார்கள்! போர்த்துக்கேய மொழியில் ‘கிரேயோ’ என்றால் நம்புகிறேன், ‘கேரோ’ என்றால் விரும்புகிறேன். மொழிபெயர்க்க உதவிய தமிழர் காதில் இவ்விரண்டும் ஒன்றாய் விழுந்திருக்கலாம் என்பது நமது ஊகம். அப்படியாயின் பிழையில் பாதி ஐரோப்பியருடையது, பாதி நம்மவருடையது.

அதே கடிதத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் ‘வன்பினாலே’ என்னும் சொல் புகுந்துவிட்டது. அது பலவந்தத்தினால் என்று பொருள்படும் என்றும், கிறிஸ்து தம் சித்தத்தின்படியே பாடுபட்டாரேயன்றிப் பலவந்தத்தினால் அன்று என்றும் சேவியர் எழுதுகிறார். ஒரே ஒரு சொல், மீட்பின் உபதேசத்தையே தலைகீழாக்கப் பார்த்திருக்கிறது.

இக்கடிதத்தைப் படிக்கும்போது நமக்கு முதலில் சிரிப்பு வருவது இயல்பு. ஆயினும் ‘வேணும்’ என்ற அச்சொல்லை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. வேண்டுதல் என்பது தமிழில் விரும்புதலும் ஆகும், மன்றாடுதலும் ஆகும். படகும் வலையும் அல்லாமல் வேறொன்றும் இல்லாத ஒரு பரதவர், வானத்தை நோக்கி ‘எனக்கு வேணும்’ என்று சொல்லியிருப்பாரானால், அந்த ஜெபம் கேட்கப்படாமற் போயிருக்கும் என்று நாம் எண்ணவில்லை. இது நிற்க. இங்கே வரலாற்று நோக்கில் முக்கியமானது வேறொன்று. சேவியரிடத்தில் யாரோ ஒருவர், ‘ஐயா, இந்தச் சொல் தவறு’ என்று துணிந்து சொல்லியிருக்கவேண்டும். அவரும் அதை ஏற்று, தாம் கற்பித்ததையே மாற்றும்படி தம் உடன் ஊழியருக்கு எழுதியிருக்கிறார். சொன்னவரின் பெயர் வரலாற்றில் இல்லை. அவருக்குப் பின் வந்த என்றிக் என்றீக்கஸ் அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்று, இலக்கணமும் எழுதி, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சிட்டார். தமிழெழுத்துகளில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் அது மிகப் பழமையானது.

எல்லாப் பிழைகளும் இவ்விதம் விரைவில் திருத்தப்படவில்லை. 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, ஞானஸ்நானம் பெற வருவோரிடம் துபாஷிகள் கேட்டுவந்த கேள்வியை அறிந்து திடுக்கிட்டார். ‘கிறிஸ்தவ மார்க்கத்தில் சேர விரும்புகிறாயா?’ என்று பாதிரியார் போர்த்துக்கேய மொழியில் கேட்பார். அது ‘பரங்கிக் குலத்தில் புக மனதோ?’ என்று தமிழாகும். பாதிரியாருக்குத் தமிழ் தெரியாது. வந்தவருக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. கேள்வி ஒன்று, விடை வேறொன்றுக்கு. நற்செய்தியை ஏற்பது என்பது மாட்டிறைச்சியும் மதுவும் உண்ணும் ஓர் அந்நியக் குலத்தில் சேர்ந்துவிடுவது என மதுரை மக்கள் எண்ணியதில் வியப்பென்ன? பலி வழிபாட்டைக் குறிக்க ‘மிசை’ என்று அந்நியச் சொல்லை ஒலிபெயர்த்து வழங்க, அது மக்கள் காதில் ‘மீசை’ என விழுந்ததையும், அதனால் நொபிலி ‘பூசை’ என்ற சொல்லை வழக்கிற் கொணர்ந்ததையும் வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவதுண்டு. மீசைக் கதை சிரிப்புக்குரியது. பரங்கிக் குலக் கதை அப்படிப்பட்டதன்று; அதன் நிழல் இன்னும் நம்மீது இருக்கிறது.

தரங்கம்பாடிக்கு வருவோம். 1706 ஜூலை மாதத்தில் அங்கே வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்க், சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழெழுத்தைக் கற்றார் என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. முதிய உபாத்தியாயர் ஒருவர் தம் பள்ளிச் சிறுவரோடு அவருக்கும் கற்பித்தார். அழகப்பன் என்னும் துபாஷி துணைநின்றார். 1708இல், தாம் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே எழுதும் அளவுக்கு முன்னேறிவிட்டார். புதிய ஏற்பாட்டை 1711இல் மொழிபெயர்த்து முடித்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது அச்சேறிற்று. ஆனால் அந்தத் தமிழ், கடற்கரையூரின் அன்றாடப் பேச்சும் ஜெர்மானிய வாக்கிய அமைப்பும் கலந்த ஒரு தமிழாகவே இருந்தது.

இதைக் கண்டு நகைத்தவர் யார்? தமிழ்ப் புலவர் அல்லர். இத்தாலியரான வீரமாமுனிவர்! 1728இல் எழுதிய ‘வேத விளக்கம்’ என்னும் நூலில் அவர் லுத்தரன் மிஷனெரிகளின் உபதேசத்தைத் தாக்கியதோடு அமையாமல் அவர்களுடைய தமிழையும் எள்ளி நகையாடினார். ஜெர்மானியர் தமிழில் செய்த பிழைகளை இத்தாலியர் தமிழில் பரிகசிக்க, தமிழர் வேடிக்கை பார்த்த காட்சி அது. ‘தேம்பாவணி’ பாடிய கவிஞருக்கு அந்த உரிமை உண்டு என்றே நாம் கருதுகிறோம். அவருடைய ‘பரமார்த்த குருவின் கதை’யும் பேச்சுத்தமிழைப் பயில விரும்பும் பிறநாட்டாருக்குப் பயன்படும் உரைநடையாக அமைந்தது. மூடனான ஒரு குருவையும் அவனினும் மூடரான சீடர் ஐவரையும் வைத்து மொழி கற்பித்தவர், சிரிப்பு ஒரு நல்ல உபாத்தியாயர் என்பதை அறிந்தவராகவே இருக்கவேண்டும். இவ்வளவு சண்டைக்குப் பின்னும் ஒன்று நடந்தது. வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது தரங்கம்பாடியின் லுத்தரன் அச்சகமே. தம்மை நகைத்தவரிடத்திலேயே தமிழ் கற்பது என்று அவர்கள் தீர்மானித்துவிட்டனர். திருச்சபைகளின் ஒருமைப்பாட்டைப் பற்றிப் பேசுவோர் இந்தச் சிறு செய்தியை அதிகமாக எடுத்துச் சொல்வதில்லை.

எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்தில் தெளிவாக வேறுபடுத்தும் முறையை வீரமாமுனிவரே வழக்குக்குக் கொணர்ந்தார் என மரபாகக் கூறப்படுகிறது. ஓலையில் புள்ளியின்றி எழுதப்பட்ட சொல்லைத் தமிழர் இடம்நோக்கி எளிதில் படித்துவிடுவர். வெளியிலிருந்து வந்தவரே அங்கு இடறி விழுவார். இடறியவர் அந்தக் கல்லை எடுத்து அப்புறப்படுத்திவிட்டுப் போனார் என்று சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. சீகன்பால்க் தரங்கம்பாடியில் டேனிஷ் அதிகாரிகளால் சிறையிலடைக்கப்பட்டவர். பிற்கால மிஷனெரியோ பேரரசொன்றின் நிழலில் பங்களாவில் வாழ்ந்தார். அவருடைய முன்ஷி அவரிடமே சம்பளம் பெற்றார். சம்பளம் கொடுப்பவரின் நாவைத் திருத்துவது எளிதன்று. சமையற்காரரிடமும் குதிரைக்காரரிடமும் கற்ற ‘வா, போ, கொண்டுவா’ என்னும் ஏவல்களையே ஊர்ப் பெரியவர்களிடமும் வழங்கிய துரைமாரைப் பற்றி நம் பாட்டனார் காலத்தவர் பல கதைகள் சொல்லுவார்கள். ழகரம் வராத போதகர் ஒருவர், ‘நானே வழி’ என்னும் பொருளில் பிரசங்கம் செய்ய எழுந்து, ‘நானே வலி, நானே வலி’ என்று முழங்கினார் என்பது அவற்றுள் ஒன்று. எந்த ஊர், எந்தப் போதகர் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரைச் சொல்லுவர். ஆகவே அதை வரலாறாக நாம் கொள்ளவில்லை. ஆனால் அக்கதையின் முடிவு எங்கும் ஒன்றே: சபையார் ஒருவரும் ஆலயத்தில் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பின்னரே சிரித்தார்கள்.

இதற்கு நேர்மாறானதும் அதே பங்களாவில் நடந்தது. சமையற்காரரின் ஆங்கிலத்தைக் கேட்டுத் துரைமகன் வெளிப்படையாகவே சிரித்தார். சென்னை இராஜதானியின் ‘பட்லர் இங்கிலீஷ்’ நாடறிந்த வேடிக்கையாகி, 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதியில் தனிச்சொல்லாகவே இடம்பெற்றது. துரைமகனின் தமிழுக்கு அவ்விதம் ஒரு பெயர் எந்த அகராதியிலும் ஏறவில்லை. இருவரும் அடுத்தவர் மொழியில் தடுமாறியவர்களே. ஒருவருடைய தடுமாற்றம் மாத்திரம் நகைச்சுவையாயிற்று. மற்றவருடையது, திருத்துவார் இன்மையால், காலப்போக்கில் ஒரு நடையாயிற்று.

‘வேதாகமத் தமிழ்’ என்று பிறர் நம்மைச் சுட்டும் நடையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. முழுப் பங்கும் இதற்கே என்று சொல்வது அநியாயம். பப்பிரிசியுஸ், இரேனியஸ், பவர் போன்றோர் பல்லாண்டுகள் உழைத்தவர்கள். பப்பிரிசியுசின் மொழிபெயர்ப்புப் ‘பொன் மொழிபெயர்ப்பு’ எனவே போற்றப்பட்டது. ஆயினும் ஒரு வினோதத்தைக் கவனியுங்கள். பழைய மொழிபெயர்ப்பைத் திருத்த இரேனியஸ் முற்பட்டபோது, அதை மிகக் கடுமையாக எதிர்த்து எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். தமிழ்க் கவிஞர், சரபோஜி மன்னரின் அவையில் மதிப்புப் பெற்றவர். அந்நியர் ஒருவர் ஆக்கிய தமிழை இன்னோர் அந்நியர் மாற்றக்கூடாது என்று தமிழ்ப் புலவரே எழுந்து நின்றார்! அச்சொற்களினால் இரு தலைமுறையினர் ஜெபித்துவிட்டனர், அச்சொற்களின் ஓசையில் தம் பெற்றோரை அடக்கம் செய்துவிட்டனர் என்பதை நினைத்தால் சாஸ்திரியாரின் கோபம் நமக்கு விளங்குகிறது. காது பழகிவிட்டால் பிழையும் பரிசுத்தமாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இதைவிட அரிய ஒன்று. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பேர்சிவல், வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்க்கத் தமக்குத் துணையாக ஓர் இளைஞரை வைத்துக்கொண்டார். அவர் சைவர், பின்னாளில் ஆறுமுக நாவலர் எனப் புகழ்பெற்றவர். 1850இல் அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மிஷனெரிகளை எதிர்த்துத் தமிழ் உரைநடையைக் கூர்வாளாகத் தீட்டிய அவரே முன்னர் மிஷனெரியின் பக்கத்திலமர்ந்து திருமறையின் தமிழைச் செப்பனிட்டார். விசுவாசம் வேறு என்பதனாலேயே அவர் அஞ்சாமல் பிழை சொல்ல முடிந்திருக்குமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வளவு பிழைகளிலும் இறையியல் மாணவர் தனியே நின்று கவனிக்கவேண்டியது, தமிழ் கற்கும் பிறமொழியாளர் அனைவரும் இடறும் ஒரு சிறு கல். அதுவே நாமும் நாங்களும். ஆங்கிலம், ஜெர்மன், போர்த்துக்கேயம், லத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளில் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே. தமிழிலோ கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’, கேட்பவரை விலக்குவது ‘நாங்கள்’. திராவிட மொழிகளின் இப்பண்பைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துப் பேசியுள்ளார். இவ்வேறுபாட்டை உணராத ஒருவர் முழந்தாட்படியிட்டு, ‘ஆண்டவரே, நாம் பாவிகள்’ என்று சொல்லுவாரானால் என்ன நேரும்? கடவுளும் பாவிகளின் வரிசையில் நிறுத்தப்பட்டுவிடுவார். கர்த்தருடைய ஜெபம் தமிழில் ‘எங்கள்’ என்ற சொல்லோடு தந்தையை விளிப்பதும் இதனாலேயே. அவர் நம்முடையவரல்லவா, ஏன் விலக்கிச் சொல்லவேண்டும் என்று ஞாயிறு பள்ளிச் சிறுவன் ஒருவன் ஒருமுறை நம்மிடம் கேட்டான். நல்ல கேள்வி. அவரிடமே பேசுகிறபடியால், என்று விடை சொன்னோம். அவரைப் பற்றி நமக்குள் பேசும்போது அவர் நம்முடைய பிதாவே.

கிரேக்க மூலத்தில் இல்லாத இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் தாமே தீர்மானிக்கவேண்டும். அதாவது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வசனத்திலும் விளக்கவுரையாளராகவும் ஆகிறார். புயலில் அகப்பட்ட சீஷர் இயேசுவை எழுப்பி மடிந்துபோவதைப் பற்றி முறையிடும்போது, அவரையும் சேர்த்துச் சொன்னார்களா, தங்களை மாத்திரம் சொன்னார்களா? நம் பழைய திருப்புதல் ‘நாங்கள்’ என்கிறது. படகு ஒன்றே, அலை ஒன்றே. ஆனாலும் அவர் அமிழ்ந்துபோவார் என்று அவர்கள் எண்ணவில்லை என்பது அச்சொல்லின் தீர்ப்பு. எம்மாவு வழியில் நடந்த இருவரோ, உடன்வந்த அந்நியரை ‘எங்களுடனே’ தங்கும்படி வருந்திக் கேட்கின்றனர். அப்பம் பிட்கப்பட்டு அவர் மறைந்தபின், ஒருவரையொருவர் நோக்கி ‘நம்முடைய’ இருதயம் எரிந்ததைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். கிரேக்கத்தில் படிப்பவருக்கு இச்சொல் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. தமிழில் படிக்கும் கிழவிக்கும் தெரியும். முதன்முதலில் இவ்விடத்தில் தவறாய்ச் சொல்லி, யாரோ ஒரு முன்ஷியினால் திருத்தப்பட்ட ஒரு வெள்ளையரே இதைக் கண்டு வியந்திருக்கக்கூடும். பிறந்தது முதல் பேசும் நாம் இதை வியப்பதில்லை.

இந்நாளில் நம் மொழியைக் கற்கும் அந்நியன் மனிதனல்லன், இயந்திரம். அதன் கதையும் நம்முடைய துறைக்குத் தூரமானதன்று.

1954 ஜனவரி 7ஆம் நாள் நியூயார்க்கில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து, ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கும் கணினி ஒன்றைப் பொதுமக்களுக்குக் காட்டின. அதற்குத் தெரிந்த சொற்கள் 250, விதிகள் 6. சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்றார்கள், தீரவில்லை. அந்நாட்களில் பரவிய ஒரு வேடிக்கை இன்றும் பிரசங்கங்களில் கூறப்படுகிறது. கெத்செமனேயில் ஆண்டவர் ஆவியின் உற்சாகத்தையும் மாம்சத்தின் பலவீனத்தையும் பற்றிச் சொன்ன வாக்கியத்தை இயந்திரம் ரஷ்ய மொழியில் ஆக்கி மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தபோது, ‘சாராயம் நன்று, இறைச்சி கெட்டுவிட்டது’ என்று வந்ததாம். இது நடந்ததற்குச் சான்று இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பின் வரலாற்றை ஆராய்ந்த ஜான் ஹட்சின்ஸ் இதைக் கட்டுக்கதைகளின் வரிசையில் சேர்த்துவிட்டார். பிரசங்கிமார் இதை நடந்த செய்தியாகச் சொல்வதை நிறுத்துவது நல்லது.

ஆனால் கதை புனைந்தவருக்கு அந்த வசனமே ஏன் அகப்பட்டது? ஆங்கிலத்தில் ஆவியைக் குறிக்கும் சொல் மதுவையும் குறிக்கும் என்பதே காரணம். தமிழில் வேறொரு பொறி காத்திருக்கிறது. இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, சுடுகாட்டில் உலவுவதாகச் சிறுவர் அஞ்சுவதும் ஆவி, பெந்தெகொஸ்தே நாளில் அருளப்பட்டவரும் ஆவியானவர். சபைக்குப் புறம்பானவர் ஒருவர் நமது மறையை முதன்முறை திறந்து படிக்கையில் எதை எண்ணுகிறார் என்பதை நாம் கேட்பதில்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவ்வசனத்தில் உள்ளம், உடல் என்று எளிய சொற்களைக் கையாண்டுள்ளது. சிலருக்கு அது சுவை குன்றியதாகத் தோன்றுகிறது. சாஸ்திரியாரின் கோபம் இன்னும் தணியவில்லை போலும்.

1966இல் ஜோசப் வைசன்பாம் என்பவர் தாம் ஆக்கிய ‘எலிசா’ என்னும் உரையாடல் நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தட்டெழுதிய வாக்கியத்தில் ‘என்’ என்று வந்தால் அதை ‘உன்’ என்று மாற்றி, கேள்வியாகத் திருப்பித் தருவதே அதன் பெரும்பாலான வித்தை. ‘என் தாய்’ என்றால் ‘உன் தாயைப் பற்றிச் சொல்’ என்னும். ஒன்றும் விளங்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தது. இருந்தும் அதனிடத்தில் மனம்திறந்து பேசியவர் உண்டு என்பது அதை ஆக்கியவருக்கே கலக்கம் தந்தது. 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்க்கப்பட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், சாட்பாட் என்று எல்லாரும் சொல்லும் இந்த உரையாடல் இயந்திரங்கள் நமது பாளையங்களிலும் ஆயர் இல்லங்களிலும் புகுந்துவிட்டன.

சிரிப்போடு இது நின்றுவிடுவதில்லை. 2017 அக்டோபரில் பாலஸ்தீனத் தொழிலாளர் ஒருவர், தாம் வேலைசெய்யும் இடத்தில் புல்டோசரின்மேல் சாய்ந்து நிற்கும் படத்தை முகநூலில் இட்டு, அரபு மொழியில் காலை வணக்கம் எழுதினார். முகநூலின் இயந்திரம் அதை எபிரெயுவில் ‘அவர்களைத் தாக்கு’ என்று மொழிபெயர்த்தது. இஸ்ரவேல் காவல்துறையினர் அவரைப் பிடித்துச் சென்று பல மணி நேரம் விசாரித்து, பிழை தெரிந்தபின் விடுவித்தனர். கைது செய்வதற்குமுன் அரபு அறிந்த காவலர் ஒருவரும் அவ்வாக்கியத்தைப் படித்துப் பார்க்கவில்லை எனச் செய்திகள் கூறின. யோர்தான் துறையிலிருந்து அவ்விடம் வெகுதூரமில்லை. அன்று பிழைசெய்தவன் பிடிக்கப்பட்டான். இம்முறை பிழைசெய்தது ஒன்று, பிடிபட்டவர் வேறொருவர்.

அண்மையில் இறையியல் மாணவர் சிலரோடு அமர்ந்து, இத்தகைய இயந்திரம் ஒன்றினிடம், ஞாயிறு ஆராதனைக்குரிய பாவ அறிக்கை ஜெபத்தைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டோம். சில விநாடிகளில் எழுதித் தந்தது. எழுத்துப்பிழை இல்லை, சந்தியும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சேவியரும் சீகன்பால்கும் பல ஆண்டுகள் பட்ட பாட்டை அது படவில்லை. ஆயினும் மூன்றாம் வரியில் ‘உங்கள் கிருபையினால் நம்முடைய பாவங்களை மன்னியுங்கள்’ என்று வந்தது. ஆங்கிலத்தில் முன்னிலைக்குச் சொல் ஒன்றே ஆகையால், நீ, நீர், நீங்கள், தாங்கள் என்னும் நான்கினுள் கடவுளை எதனால் விளிப்பது என்ற நம் மரபு அதற்கு எட்டவில்லை. ‘நம்முடைய’ என்பதோ அந்தப் பழைய கல்லேதான். உலகத்து எழுத்துகளை வாரி விழுங்கிய அந்த இயந்திரம் உண்டவற்றில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் மடுவளவு.

பிழையைச் சுட்டினோம். உடனே மன்னிப்புக் கேட்டது. நம்முடைய நுண்ணறிவைப் பாராட்டியது. திருத்திய ஜெபத்தையும் தந்தது. இப்போது பாவங்கள் ‘எங்கள்’ பாவங்களாயின. ஆனால் சபையாரை ஜெபத்துக்கு அழைக்கும் முன்னுரையிலும் அதே திருத்தத்தைச் செய்து, ‘அன்பான சகோதர சகோதரிகளே, வாருங்கள், நாங்கள் ஜெபிப்போம்’ என்று எழுதியிருந்தது. சபையாரை அழைத்து, அவர்களை விட்டுவிட்டுத் தான் மாத்திரம் ஜெபிக்கப்போகும் குருவானவரை எண்ணி மாணவர் அனைவரும் வயிறு குலுங்கச் சிரித்தனர். முன்ஷியிடம் பிழை திருத்தப்பட்ட மிஷனெரிக்கு முகம் சிவந்திருக்கும். அந்த வெட்கமே அவருக்கு மறுமுறை நினைவூட்டும். இதற்கோ வெட்கம் இல்லை. இனிய குரலில் அடுத்த பிழைக்கு ஆயத்தமாயிருந்தது. தட்டுத்தடுமாறிப் பேசுகிறவரின் பிழை காதில் உடனே உறுத்தும். சரளமாகப் பேசுகிறதன் பிழையைத் தேடிப்பிடிக்கவேண்டியிருக்கிறது. அன்று துரைமகனின் முன்னே அச்சத்தினால் மௌனமாயிருந்தோம் என்றால், இன்று இயந்திரத்தின் முன்னே அதன் சரளத்தினால் மௌனமாயிருக்கிறோம். நம் ஆராதனைத் தாள்களில் அண்மைக்காலத்தில் ‘உங்கள் நாமம்’ என்றும் ‘உங்கள் சித்தம்’ என்றும் அச்சாகி வருவதைக் காண்கிறோம்; ஒருவரும் ஒன்றும் சொல்வதாகத் தெரியவில்லை.

அன்று மிகுதியாகச் சிரித்த மாணவர் ஒருவர் திடீரென்று அமைதியானார். காரணம் கேட்டோம். அதற்கு முந்தின புதன்கிழமை சிற்றாலயத்தில் காலை ஆராதனையை நடத்தியவர் அவர். பிரசங்கத்தில் சபையை நோக்கிப் பேசிவந்த வேகத்திலேயே கண்களை மூடி, ‘ஆண்டவரே, நம்முடைய பாவங்களை மன்னியும்’ என்று தாமும் ஜெபித்ததாகச் சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிச் சீமையில். அந்த ஆராதனையில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ‘ஆமென்’ என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம்.